யாருக்கும் தோன்றக்கூடியதுதான்

சாரல் தொடங்கிவிட்டால் எனக்குப் பாதித் தூக்கம்தான். நடப்பேன், சமைப்பேன், கேட்டதற்குப் பதில் சொல்வேன். ஆனால் கண்ணுக்குள் ஒரு மூடாக்கு கிடக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி வந்து தென்காசித் தெருக்களில் ஈரத்தைத் தெளித்துவிட்டுப் போகும். துணி காயாது, அப்பளம் நமத்துப்போகும், நான் நின்றுகொண்டே கனவு காண்பேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் அப்படி ஓர் அரைத்தூக்கத்தில் நடந்தது. ஒரே பெரிய தப்பை நன்றாக விழித்துக்கொண்டு, குளித்து, தலைவாரி, மேஜை முன்னால் உட்கார்ந்து செய்தேன்.

செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு இந்தப் பக்கம் சேர்ந்த வருஷம்தான் நானும் கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தேன். "கவர்மெண்டு தாலுகாவக் குடுத்துச்சு, ஒங்கப்பா ஒன்னையக் குடுத்தாரு" என்பார் என் வீட்டுக்காரர். இரண்டில் எது லாபம் என்று கேட்டால் மட்டும் சைக்கிளைப் பார்க்கக் குனிந்துகொள்வார். குற்றாலம் போகிற ரோட்டில் அவருக்கு ஒரு சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவதைவிட, ஓடுகிற சைக்கிளைப் பிரித்து அது ஏன் ஓடுகிறது என்று பார்ப்பதில்தான் அவருக்கு ஆசை. படிப்பு எட்டாவது. எழுத்தைப் படிக்கும்போது விரலை வரிக்குக் கீழே வைத்து ஓட்டிக்கொண்டே போவார். அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டேன், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

குற்றாலத்துக்கு மேலே, ஐந்தருவிக்குப் போகிற வழியில் பிரிந்து ஏறினால், அவருக்கு அண்ணாச்சி முறை ஆகவேண்டிய ஒருவர் ஒரு பழத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். முப்பது வருஷத்துத் தோட்டம். பெரும்பாலும் மங்குஸ்தான். சீசனில் ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அங்கே போய்விடுவோம். அவர் பழம் பறிக்க ஒத்தாசை செய்வார். நான் ஒத்தாசை செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருப்பேன்.

மங்குஸ்தானுக்கு ஒரு குணம் உண்டு. அது தரையில் விழக்கூடாது. விழுந்தால் அடிபட்ட இடத்தில் தோடு கல்லாய் இறுகிவிடும், பிறகு எந்தக் கட்டைவிரலுக்கும் பிளக்காது. உள்கிளைப் பழத்தை ஏறிக் கையால் பறித்துவிடலாம். நுனிக்கிளையில் இருப்பதைத் தொரட்டி போட்டுத்தான் அறுக்க வேண்டும். அறுத்தால் பழம் விழும். கீழே ஒருவர் கையேந்தி நிற்பார். இரண்டைப் பிடித்தால் மூன்றை விடுவார். சாக்கை விரித்துப் பார்த்தார்கள். பழத்தின் மேல் பழம் விழுந்து இரண்டும் கெட்டது. முப்பது வருஷமாக இதுதான் அங்கே நடைமுறை. பழம் என்றால் கொஞ்சம் சேதாரம் இருக்கத்தான் செய்யும் என்று எல்லோரும் சமாதானமாகியிருந்தார்கள்.

அன்றைக்கு வழியில் நன்றாக நனைந்துவிட்டேன். முந்தானை நுனியைக் காயட்டும் என்று தலைக்கு மேலே ஒரு குச்சியில் மாட்டிவிட்டு, மறுபக்கம் மடியில் கிடக்க, பாறையில் சாய்ந்திருந்தேன். அருவிச் சத்தம் தூரத்திலிருந்து வந்தபடி இருந்தது. மேகம் மரத்துக்கு மரம் நடந்துபோனது. எனக்குக் கண் சொருகியது. டொப் என்றில்லாமல், யாரோ மெதுவாகக் கொண்டுவந்து வைத்ததுபோல மடியில் ஏதோ வந்து உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தால் ஒரு மங்குஸ்தான். மேலிருந்து அறுந்தது முந்தானையில் விழுந்து, சரிவிலே சறுக்கி, எனக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒரு காயம் இல்லை.

நான் அதைப் பிட்டுத் தின்றுவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். யோசித்தேன் என்றுகூடச் சொல்லக்கூடாது. கை தானாகப் போய் முந்தானையை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தது. "இங்கன பாத்துப் போடுங்க" என்று தொரட்டி பிடித்திருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. துணியைத் தொய்வாக விட்டால் பழம் தயங்கித் தயங்கி வருவதும், விறைப்பாகப் பிடித்தால் எகிறிப் போவதும் எனக்குக் கையிலேயே தெரிந்தது. பத்துப் பழம் மடியில் சேர்ந்தபோது அவர் தொரட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமான புதிது என்பதால் நான் வேறு காரணம் நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "ஏட்டி, பழைய சேல ஒண்ணு குடு" என்றார்.

ஒரு மாதத்தில் அது உருவானது. மூங்கில் கழி. நுனியில் கத்திரி மாதிரி மூடுகிற இரண்டு அலகு. அதை இழுக்க சைக்கிள் பிரேக் கம்பி, கீழே கைக்குப் பக்கத்தில் பிரேக் பிடி. அலகுக்கு அடியில் ஒரு கம்பி வளையம். வளையத்திலிருந்து கைவரைக்கும் தொங்குகிற நீளமான துணிக் குழாய். கழியை ஒவ்வொரு பழத்துக்கும் இறக்க வேண்டியதில்லை. அறுபட்ட பழம் குழாய்க்குள்ளே இறங்கி, பறிப்பவரின் இடுப்பில் கட்டிய பைக்கே வந்துவிடும். குழாயை நான்தான் தைத்தேன். நேராகத் தைத்தால் பழம் வேகமாக வந்து மோதியது. உள்ளுக்குள் இடையிடையே சுருக்கம் வைத்தேன். பழம் ஒவ்வொரு சுருக்கத்திலும் ஒரு மூச்சு நின்று இறங்கியது. தோட்டத்து ஆட்கள் அதற்குச் சட்டைத் தொரட்டி என்று பெயர் வைத்தார்கள். தொரட்டிக்கு ஒற்றைக் கைச் சட்டை போட்டுவிட்ட மாதிரிதான் இருந்தது.

அருவியில் குளிக்க வந்த ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இதற்குப் பேட்டண்ட் எடுங்கள் என்று பிடித்துக்கொண்டார். அப்படியென்றால் என்ன என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அவரே படம் போட்டுக் கொடுத்து, மெட்ராஸில் ஒரு ஏஜெண்டையும் காட்டிவிட்டார். காகிதங்கள் கல்கத்தாவுக்குப் போயின. இது என்னுடைய கண்டுபிடிப்பு, உண்மையில் முதலில் கண்டுபிடித்தவன் நானே என்று ஒரு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் போட்டார். அங்கே என் பெயரும் வரலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சட்டைக்குத் துணி கொடுத்தவள் என்ற அளவில்தான் நான் என்னை நினைத்திருந்தேன்.

பேட்டண்ட் வந்துவிட்டது. அவர் அதைக் கடையில், ரிம்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டினார். அவர் பெயர் அச்சில் வந்தது அதுவே முதல் தடவை. பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து அதைப் பார்த்தார்கள். அவர் பார்க்காதவர்போல காற்றடித்துக்கொண்டிருப்பார், ஆனால் காது சிவந்திருக்கும். தானே பத்து ஆளை வைத்து அந்தத் தொரட்டியைச் செய்ய வேண்டும், ஒவ்வொன்றிலும் பெயர் பொறிக்க வேண்டும் என்பது அவர் கனவு. நான் சாரலில் மட்டும் கனவு காண்கிறவள். அவர் பங்குனி வெயிலிலும் கண்டார்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. தோட்டச் சாமான்கள் செய்கிற வெளியூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து. தங்கள் கருவி அபாரம், தங்களைப் போன்ற மேதை ஒருவர் தென்காசியில் இருப்பது நாட்டுக்கே பெருமை, ஒரு மாதிரி அனுப்பிவைத்தால் சேர்ந்து செய்வது பற்றிப் பேசலாம் என்று ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ச்சி. எனக்குப் படிக்கும்போதே கூச்சமாக இருந்தது.

பதில் எழுதும் வேலை என்னுடையது. என் அப்பா செங்கோட்டையில் ஆதாரம் எழுதுகிறவர்; பத்திரத்தை நாங்கள் அங்கே ஆதாரம் என்றுதான் சொல்லுவோம். கடிதம் எழுதுகிற முறை அவரிடமிருந்து எனக்கு வந்தது. ஒருவர் புகழ்ந்தால் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. குழம்பு நன்றாயிருக்கிறது என்றால், "என்னத்த, உப்பு கூடிட்டு" என்போம். பிள்ளை அழகு என்றால், "நிறந்தான் மட்டு" என்போம். குழம்பில் உப்பு சரியாகத்தான் இருக்கும், பிள்ளையும் தங்கமாகத்தான் இருக்கும். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அப்படித்தான் நானும் எழுதினேன். மாதிரி அனுப்புகிறோம் என்ற விஷயத்தை அவர் சொன்னபடி எழுதிவிட்டு, அவர் சொல்லாத மூன்று வாக்கியத்தை முடிவில் நானாகச் சேர்த்தேன். "தாங்கள் புகழும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. யாருக்கும் தோன்றக்கூடியதுதான். ஏதோ ஆண்டவன் அருளால் எங்கள் கைக்கு முதலில் வந்தது."

எழுதி முடித்து ஒரு தடவை பார்த்தேன். கையெழுத்து மணிமணியாக இருந்தது. அப்பா பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கடைக்குக் கொண்டுபோனேன். அவர் ஒரு செயினைக் கழற்றிப்போட்டு அதற்குள் இருந்தார். கடிதத்தை வாங்கி ஒரு சைக்கிள் சீட்டில் வைத்தார். நான் வெளியே போய், ரோட்டில் போகிற ஐயப்பன் கோயில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தால் கையெழுத்துப் போட்டிருந்தார். காகிதத்தின் அடிப்பக்கம் ஒரு எண்ணெய்க் கறை. "கையக் கழுவிட்டுப் போடப்படாதா?" என்று சத்தம் போட்டேன். இன்னொரு தடவை எழுதச் சோம்பலாக இருந்தது. அப்படியே உறையில் போட்டு அனுப்பிவிட்டேன்.

சேர்ந்து செய்வது பற்றிப் பேச ஒருவரும் வரவில்லை. அடுத்த சீசனில் செங்கோட்டைச் சந்தைக்குப் போனபோது, அரிவாளும் மண்வெட்டியும் தொங்குகிற ஒரு கடையில் எங்கள் தொரட்டியும் தொங்கியது. மூங்கிலுக்குப் பதில் இரும்புக் குழாய், சேலைத்துணிக்குப் பதில் நீலக் கித்தான். உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். நான் சுருக்கம் வைத்த இடத்திலெல்லாம் சுருக்கம் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வழக்குப் போட்டோம். எங்கள் வக்கீல் குத்துக்கல்வலசை வரப்புச் சண்டைகளில் பேர் எடுத்தவர். நல்ல மனிதர். பேட்டண்ட் என்ற சொல்லையே அவர் எங்கள் மூலம்தான் கேள்விப்பட்டார். கம்பெனிக்காரர்கள் தாங்கள் காப்பியடிக்கவில்லை என்று சொல்லவே இல்லை. அவர்கள் சொன்னது வேறு. தொரட்டி பழசு, பிரேக் கம்பி பழசு, பை பழசு. மூன்றையும் சேர்த்துக் கட்டுவது யாருக்கும் தோன்றுகிற காரியம். யாருக்கும் தோன்றுகிற ஒன்றுக்குப் பேட்டண்ட் கொடுத்திருக்கவே கூடாது, அதை ரத்து செய்யுங்கள் என்று எதிர்வழக்குப் போட்டார்கள். ரத்து செய்வது ஹைகோர்ட் வேலையாம், அதனால் கேஸ் மெட்ராஸுக்குப் போய்விட்டது. ரத்தானால் கண்ணாடிக்குள் இருக்கிற அந்தக் காகிதம் வெறும் காகிதம். யார் வேண்டுமானாலும் செய்யலாம், எந்தப் பெயரையும் பொறிக்கலாம்.

சாட்சிகளை அந்த இடத்திலேயே விசாரித்து எழுதிக்கொண்டு வர, கோர்ட்டில் ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டார்கள். எந்த மாதம் வருவது என்று கேட்டபோது, கமிஷனர், கம்பெனி வக்கீல், குமாஸ்தா எல்லோரும் ஒரே குரலில் ஜூலை என்றார்களாம். ஜூலையில் குற்றாலத்துக்கு வர யாருக்குக் கசக்கும்? ஒரு பங்களாவை எடுத்தார்கள். காலையில் அருவியில் எண்ணெய்க் குளியல், பத்து மணிக்கு விசாரணை. தலையில் ஈரம் காயாமல்தான் என் வீட்டுக்காரரைக் கூண்டில் ஏற்றினார்கள். கூண்டு என்றால் ஒரு பிரம்பு நாற்காலி.

நான் முதன்முதலில் தைத்த துணிக் குழாயை எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு பின்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. கமிஷனரின் காகிதங்கள் நமத்துச் சுருண்டன. பேசுகிறவர்களின் குரல் கிட்டேயும் தூரத்திலேயும் மாறிமாறிக் கேட்டது. அந்த நாளை இப்போது நினைத்தாலும் எனக்கு அது நடந்ததா, கண்டதா என்று இருக்கிறது. மூன்று இடங்கள் மட்டும் கல்லில் வெட்டினதுபோல நிற்கின்றன.

கம்பெனி வக்கீல் முதலில் கேட்டார், "இந்தக் கருவி வெளிப்படையானதுதானே?"

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆமாய்யா, எல்லாம் வெளிப்படைதான். நான் எதையும் ஒளிச்சு வைக்கல. யாரு வந்து கேட்டாலும் பிரிச்சுக் காட்டுவேன்" என்றார்.

எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நல்லவேளை, கமிஷனர் சிரித்துவிட்டு, "அவர் கேட்டது அது இல்லை. பார்த்த உடனே யாருக்கும் தோன்றுமா என்று கேட்கிறார்" என்று விளக்கினார். "அப்படின்னா இல்லய்யா" என்று இவர் திருத்திச் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டார்கள். நாங்கள் மூச்சு விட்டோம்.

இரண்டாவது, இந்த யோசனை எப்படி வந்தது என்ற கேள்வி. வீட்டு விஷயமெல்லாம் இழுக்கக்கூடாது, நானாக யோசித்தேன் என்று மட்டும் சொல்லுங்கள் என்று எங்கள் வக்கீல் முன்னாலேயே படித்துப்படித்துச் சொல்லியிருந்தார். இவர் என் மடியிலிருந்த துணிக் குழாயைப் பார்த்தார். பிறகு, "எங்க வீட்டுல மரத்தடியில முந்தானையச் சாய்ச்சுப் புடிச்சிருந்தா. பழம் சறுக்கி வந்து மடியில விழுந்துச்சு. அதப் பாத்துத் தோணிச்சு" என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. எனக்குப் பாறைக்குள்ளே போய்விட வேண்டும்போல இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

"அப்படியானால் எந்த வீட்டுப் பெண்ணும் செய்கிற காரியம்தான்" என்றார் கம்பெனி வக்கீல். அதை ஒரு கேள்வியாகக்கூட அவர் கேட்கவில்லை.

மூன்றாவது, கடிதம். பெட்டியைத் திறந்து எடுத்தார். நான் எழுதிய கடிதம். எண்ணெய்க் கறையோடு அப்படியே இருந்தது. "கையெழுத்து உங்களுடையதுதானே? இந்தக் கறையும் உங்களுடையதாகத்தான் இருக்கும்" என்று கேலி செய்துவிட்டு, கடைசி வரிகளை உரக்கப் படித்தார். இதில் ஒன்றுமில்லை. யாருக்கும் தோன்றக்கூடியதுதான்.

என் காதுக்குள் அருவி விழுந்தது. அந்த வாக்கியம் அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எழுதும்போது தெரியாது.

எங்கள் வக்கீல் எழுந்து, அது மரியாதைக்கு எழுதுவது, எங்கள் பக்கத்து வழக்கம் என்றார். "மரியாதைக்கு எழுதினால் அது உண்மையா, பொய்யா?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல். வரப்புச் சண்டையில் அப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. எங்கள் வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

"இதை எழுதியது யார்?"

"எழுதுனது வீட்டுல."

"நீங்கள் சொல்லச் சொல்லத்தானே எழுதினார்கள்?"

அவர் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்தபடியாக என்னைக் கூப்பிட்டு அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது.

"ஆமா. நான் சொன்னதுதான்" என்றார்.

நான் எழுந்து நின்றிருக்கலாம். ஐயா, அது என் வாக்கியம், குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்பதுபோலச் சொன்னது என்று சொல்லியிருக்கலாம். மடியிலிருந்த துணிக் குழாயின் சுருக்கங்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயம்தான், வேறு ஒன்றுமில்லை.

அடுத்த வருஷம் தீர்ப்பு வந்தது. எங்கள் வக்கீல் வீட்டுக்கே வந்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார். சேலை முனையில் எந்த வீட்டுப் பெண்ணும் இயல்பாகச் செய்கிற ஒன்றைக் கழியில் கட்டியதில் புதுமை இல்லை; யாருக்கும் தோன்றக்கூடியது என்று கண்டுபிடித்தவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்; ஆகவே பேட்டண்ட் ரத்து. என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வக்கீலுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். மறுநாள் கடையில் கண்ணாடிக்குள்ளிருந்த காகிதத்தை எடுத்துவிட்டு அந்தச் சட்டத்தில் ஒரு முருகன் படத்தை வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காததுதான் என்னைக் கொன்றது. தெருவில் எல்லோரும் திடீரென்று புத்திசாலி ஆகிவிட்டார்கள். "அதான, இது நமக்கே தோணும்லா" என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அடுப்புக் கட்டையை எடுத்துக்கொண்டு போகலாம்போல இருக்கும். எந்த வீட்டுப் பெண்ணும் செய்வாளாம்! முப்பது வருஷமாக அந்தத் தோட்டத்தில் பழம் விழுந்து கல்லாகிக்கொண்டிருந்ததே, அப்போது அந்த வீட்டுப் பெண்களின் முந்தானையெல்லாம் எங்கே போயிருந்தது? கூடை சுமக்க எத்தனை பெண்கள் அங்கே வந்தார்கள்? தோன்றியதா ஒருத்திக்கு? இதை அந்தப் பங்களாவில் எழுந்து நின்று கேட்டிருக்க வேண்டியவள் நான். வீட்டுக்குள்ளே, அரிசி களைந்துகொண்டு, குழாய்த் தண்ணீரிடம் கேட்டேன்.

அப்படி நாலைந்து வருஷம் போயிற்று. கடை நடந்தது. நீலக் கித்தான் தொரட்டிகள் மலைத் தோட்டங்களில் எல்லாம் வந்துவிட்டன. அவர் அவற்றைப் பார்த்தால் நின்று, பிரேக் கம்பியில் விரலை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்பார். எனக்கு அழுகை முட்டும். நான் எழுதிய ஒரு வரி, அவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது, அவருடைய கனவை வாரிக்கொண்டு போய்விட்டது. என் மேல் இருந்த நம்பிக்கையில் படிக்காமல் போட்டார் என்பதை நினைக்கும்போது சோறு இறங்காது.

ஒரு ஜூலையில் ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு ஈரத்தலையோடு பழக்கடைகளைத் தாண்டி ஒரு கல்லில் உட்கார்ந்தோம். மங்குஸ்தான் வாங்கியிருந்தார். ஒன்றை அவர் அழுத்திப் பார்த்தார்; பிளந்தது. அடுத்ததை என்னிடம் கொடுத்தார். அது கல்லாக இருந்தது. எங்கேயோ தரையில் விழுந்த பழம். கட்டைவிரல் நோக அழுத்தினேன். அது அசையவே இல்லை. என்ன நினைத்தேனோ, அத்தனை வருஷத்தையும் சேர்த்து அழுதுவிட்டேன்.

"ஏட்டி, பழத்துக்கா அழுத? வேற தாரேன்."

"அந்த லெட்டர்ல அந்த வரிய நானாத்தான் சேத்தேன். நீங்க சொல்லல. நீங்க படிக்காம கையெழுத்துப் போட்டிய" என்றேன். சாரலும் கண்ணீரும் வாய்க்குள் போயிற்று.

அவர் பிளந்த பழத்தின் மேல்பாதித் தோலைத் தூர எறிந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"படிக்கலன்னு யாரு சொன்னா?"

நான் அழுகையை நிறுத்தினேன்.

"எண்ணெக் கற எந்த வரிக்குக் கீழ இருந்துச்சுன்னு நீ பாக்கவே இல்லையா? ரெண்டு தடவ வெரல ஓட்டிப் படிச்சேன்."

எனக்குச் சடாரென்று கோபம் வந்துவிட்டது. அழுகையைவிட அது எனக்குப் பழக்கமானது. "படிச்சிட்டு அந்த வரிய ஏன் அடிக்கல? அடிச்சிருந்தா எல்லாம் ஒழுங்கா இருந்திருக்கும்லா! இத்தன வருஷமா நான் இங்கன செத்துக்கிட்டு இருக்கேன்!"

"மடி ஏந்துனது நீ" என்றார். "ஒன் சாமர்த்தியத்த நீ மட்டந் தட்டி எழுதுத. அத அடிக்க நான் யாரு? கண்டுபிடிச்சவன்னு கையெழுத்துப் போட்ட நாள்லேருந்தே எனக்கு அது குறுகுறுன்னுதான் இருந்துச்சு. அந்த வரியப் படிச்சதும் சரி, அவ கணக்குக்கு அவ ஏதோ சொல்லுதா, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அருவியில் குளிப்பவர்களின் கூச்சல் மேகத்துக்குள்ளே கேட்டது. அவர் என் கையிலிருந்த கல்லுப் பழத்தை வாங்கி, தான் பிளந்து வைத்திருந்ததைக் கொடுத்தார். வெள்ளைச் சுளைகள் மழைத்துளி பட்டுக் குளிர்ந்திருந்தன.

"ஆனா அந்த வரி தப்புதான்" என்றார் சற்றுக் கழித்து. "அத அன்னைக்கே சொல்லிருக்கணும். பங்களாவுல நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு. சொன்னா, அப்ப கண்டுபிடிச்சவன்னு கையெழுத்துப் போட்ட நீ யாரு வேன்னு அந்த வக்கீலு கேட்டிருப்பான்."

"என்னது?"

"யாருக்கும் தோணும்னு எழுதுனியே. மூணு சீசன் அந்த மரத்தடியில தொரட்டியோட நின்னேன். எனக்குத் தோணலையேட்டி."